நவம்பரில் ஒரே ஒரு சரிவு: லவ்லேண்ட், ஏ-பேசின், அவற்றுக்கு வெளியே

அக்டோபர் கடைசியில் கொலராடோவில் ஸ்கீ, அதாவது பனிச்சறுக்கு, டிக்கெட் வாங்குகிறவருக்கு மலை கிடைக்காது. கம்பியில் தொங்கும் நாற்காலியில் மேலே ஏற்றிவிடும் ஒரு லிஃப்ட் கிடைக்கும். அந்த லிஃப்டிலிருந்து கீழே இறங்க ஒரு பாதை கிடைக்கும். அந்தப் பாதையின் இரு பக்கமும் காய்ந்த புல்லும் பாறையும் அப்படியே தெரியும். விளம்பரப் படத்தில் இடுப்பளவு பனியைக் கிழித்துக்கொண்டு ஒருவர் வருவாரே, அது ஜனவரி. சில வருடங்களில் பிப்ரவரி. இதைத் தெரிந்துகொண்டு போகிறவருக்கு இந்தப் பருவம் நன்றாகவே இருக்கும். தெரியாமல், வெளியூரிலிருந்து வந்த விருந்தாளிகளையும் அழைத்துக்கொண்டு போகிறவர்கள்தான் மதியத்துக்குள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நான் டென்வரில் ஒரு மருத்துவமனையின் எலும்பு முறிவு வார்டில் நர்ஸ். சனி, ஞாயிறு வேலை. செவ்வாயும் புதனும் ஓய்வு. ஸ்கீ கற்றுக்கொண்டதே நாற்பதைத் தாண்டிய பிறகுதான். இப்போது வயது 52. ஆகவே எந்தச் சரிவைப் பார்த்தாலும் அழகு அப்புறம், முழங்காலுக்கு என்ன ஆகும் என்ற கணக்குதான் முதலில் ஓடும். கூட வருகிறவன் என் சித்தி மகன். 27 வயது, போல்டரில் மென்பொருள் வேலை. லிஃப்டில் ஏறுவது அவனுக்குக் கௌரவக் குறைச்சல். ஸ்கீயின் அடியில், ஏறும்போது பின்னால் வழுக்காமல் பிடிக்கும் ஸ்கின் பட்டையை ஒட்டிக்கொண்டு, ஆளில்லாத மலையில் தானே ஏறித் தானே இறங்க வேண்டும். அவன் வழிக்கு நான் கொஞ்சம், என் வழிக்கு அவன் கொஞ்சம் என்று போனதில் லிஃப்ட் ஓடும் ரிசார்ட், அதற்கு வெளியே கிடக்கும் வெளிமலை இரண்டையும் பற்றிச் சொல்ல எனக்கு விஷயம் சேர்ந்திருக்கிறது.

முதலில் லவ்லேண்ட். டென்வரிலிருந்து ஐ-70 நெடுஞ்சாலையில் மேற்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஐசன்ஹோவர் சுரங்கப்பாதைக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால், 216ஆம் எண் வெளிவழியில் இறங்கிவிட வேண்டும். சுரங்கமே இந்த ஸ்கீ மலைக்கு அடியில்தான் போகிறது. கார் நிறுத்தும் இடம் ஏறக்குறைய 10,800 அடி உயரத்தில் இருக்கிறது, கட்டணம் கிடையாது. காரிலிருந்து லிஃப்டுக்கு நடந்தே போய்விடலாம். ஓட்டல், கடைத்தெரு, கோண்டோலா என்ற ஆடம்பரம் எதுவும் இல்லை. பூட்ஸ் மாட்ட ஒரு பெஞ்சு, குடிக்கக் காபி, சுத்தமான கழிப்பறை. என்னைப் போன்றவர்களுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? நான் டப்பாவில் புளியோதரை கட்டிக்கொண்டு போய்விடுவேன். அந்தக் குளிரிலும் அது கெட்டுப்போவதில்லை, கல்லாவதும் இல்லை.

சீசன் தொடக்கத்தில் அங்கே ஓடுவது பெரும்பாலும் செட்ஸ் ட்ரீம் என்கிற அதிவேக லிஃப்ட். மேலே இறங்கினால் கேட்வாக், மாம்போ, ஹோம் ரன் என்று மூன்று பெயர்கள். பெயர்தான் மூன்று, பாதை ஒன்றே. ஏறக்குறைய ஒரு மைல் நீளம், ஆயிரம் அடி இறக்கம். வழக்கமாக 18 அங்குலப் பனித்தளம் போட்ட பிறகுதான் திறக்கிறார்கள். பாதையின் அகலம் முழுக்க, ஒரு பக்கத்து மரத்திலிருந்து மறுபக்கத்து மரம் வரை பனி இருக்கும் என்பது அவர்கள் வருடாவருடம் சொல்கிற வாக்கு. நான் பார்த்தவரை அந்த வாக்கு பொய்த்ததில்லை. ஓரத்தில் எங்கேயாவது மண் எட்டிப்பார்த்தால் மூங்கில் கழியும் கயிறும் கட்டி அடைத்துவிடுகிறார்கள். அந்தக் கயிற்றைத் தாண்டுகிறவரின் ஸ்கீயை அடுத்து பழுதுபார்க்கும் கடையில்தான் பார்க்கலாம்.

இந்தப் பனி வானத்திலிருந்து விழுந்ததல்ல. அழுத்தமேற்றிய காற்றும் தண்ணீரும் சேர்ந்து பீய்ச்சப்பட்டு, துளிகள் தரையைத் தொடுமுன் உறைந்து விழுந்த பனி. அதற்கு வேண்டியது சாதாரண வெப்பநிலை அல்ல, ஈரக்குமிழ் வெப்பநிலை: ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு, காற்று உலர உலர அது இறங்கும். அது சுழியத்துக்கு இரண்டு டிகிரி செல்சியஸாவது கீழே வர வேண்டும். கொலராடோவின் காற்று அவ்வளவு உலர்ந்தது என்பதால், வெப்பமானி சுழியத்தை ஒட்டி நிற்கும் இரவிலும் பனித் துப்பாக்கிகளை ஓட்ட முடிகிறது. அக்டோபரில் வானம் தெளிந்து, காற்று அடங்கி, நான்கு இரவுகள் தொடர்ந்து குளிர்ந்தால் போதும், மலையில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்துவிடும். மேகம் மூடி ஈரம் ஏறினால் அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். 2019இல் பக்கத்து ஸ்கீ மலையான அரப்பஹோ பேசின் அக்டோபர் 11 அன்றே திறந்தது. அடுத்த நாளே கீஸ்டோன் என்கிற மலையும் திறந்தது. எல்லா வருடமும் அப்படி அமையாது. ஆகவே திறப்பு நாளை முன்கூட்டி ஊகித்து விமான டிக்கெட் எடுக்கிறவர்களுக்கு என் அனுதாபங்கள்.

துப்பாக்கிப் பனி காலுக்கு வேறு மாதிரி இருக்கும். இயற்கையாக விழும் கொலராடோ பனியில் பெரும்பங்கு காற்று. உருக்கினால் பத்தில் ஒரு பங்கு தண்ணீர்கூடத் தேறாது. செயற்கைப் பனியில் அது நாற்பது சதவீதத்தைத் தொடும். கனமான, உருண்டையான மணிகள். அதனால்தான் நவம்பர் வெயிலைத் தாங்கி நிற்கிறது. அதனால்தான் விழுந்தால் இடுப்பும் வலிக்கிறது.

காலை ஒன்பது மணிக்கு லிஃப்ட் திறக்கும்போது, இரவில் வண்டி ஓட்டிச் சமன்படுத்திய பனி வரிவரியாக இருக்கும். அந்த முதல் ஒன்றரை மணி நேரத்துக்குத்தான் நான் காசு கொடுக்கிறேன். ஸ்கீயின் விளிம்பு பனியைப் பிடிக்கும், திருப்பம் நினைத்த இடத்தில் முடியும், எட்டு மாதமாக மறந்திருந்த கணுக்கால் மெல்ல நினைவுக்கு வரும். பத்தரைக்குப் பிறகு நூற்றுக்கணக்கானவர்களின் ஸ்கீ ஒரே இடத்தைச் சுரண்டிச் சுரண்டி, பாதையின் நடுப்பகுதி சாம்பல் நிறத்தில் மினுங்கத் தொடங்கும். சுரண்டப்பட்ட பொடியெல்லாம் ஓரங்களில் சிறு மேடுகளாகக் குவிந்திருக்கும். அப்போது ஓரமாகப் போக வேண்டும். பொடி இருக்கும் இடத்தில் திரும்ப வேண்டும். நடுவில் திரும்பவே கூடாது, நேராகக் கடந்துவிட வேண்டும். பதினொன்றரைக்கு நான் பூட்ஸைக் கழற்றிவிடுவேன். டிக்கெட் நான்கு மணி வரை செல்லுமே என்று கணக்குப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலரை வார்டில் பிறகு பார்ப்பதும் உண்டு.

இந்தப் பருவத்தில் எனக்குப் பாறையைவிட மனிதர்மேல்தான் பயம் அதிகம். திறந்திருப்பது ஒரே பாதை. பந்தயத்துக்குப் பயிற்சி எடுக்கும் பள்ளிப் பிள்ளைகள், இருபது வருடம் ஓட்டியவர், சென்ற மாதம் காணொளி பார்த்துக் கற்றுக்கொண்டவர் எல்லாரும் அந்த ஒரு பாதையில்தான். ஸ்கீக்காரர்கள் இந்த நவம்பர் பாதைக்கு ‘மரண வெள்ளை நாடா’ என்று கேலிப்பெயர் வைத்திருக்கிறார்கள். 1979ஆம் ஆண்டின் கொலராடோ ஸ்கீ பாதுகாப்புச் சட்டப்படி, மேலிருந்து வருகிறவர்தான் கீழே இருப்பவர்மேல் மோதாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சட்டம் சரிதான், பின்னால் கண் இல்லாத நமக்கு அது மோதிய பிறகுதான் உதவும். ஆகையால் நிற்பதானால் பாதையின் ஓரத்தில், மேலிருந்து வருகிறவர்கள் பார்க்கும் இடத்தில் நில்லுங்கள். மேட்டின் மறைவில் நின்று படம் எடுக்கிறவர்களைக் கண்டால் நான் வாய்விட்டே திட்டுவேன். வார நாளில் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும். செவ்வாய்க்கிழமை ஓய்வு கிடைத்ததே கடவுள் செயல்.

அரப்பஹோ பேசினை இங்கே எல்லாரும் ஏ-பேசின் என்பார்கள். 1946இல் தொடங்கிய இடம். அடிவாரம் 10,780 அடி, உச்சி 13,050 அடி. தொடக்கத்தில் ஓடுவது பிளாக் மவுண்டன் எக்ஸ்பிரஸ் லிஃப்ட்; இறங்குவது ஹை நூன் சரிவு. லவ்லேண்டின் பாதையைவிட இது என் காலுக்குச் சற்றுக் கெட்டி. மேல்பாதியில் வேகத்தை அடக்கத் தெரியாதவர் வரக்கூடாது. ஆனால் லிஃப்டில் உட்கார்ந்தபடி கிழக்குச் சுவர் எனப்படும் அந்த நெடிய பாறை முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் வருடம் ஒரு முறையாவது போய்விடுகிறேன். நவம்பரில் அதன் பிளவுகளில் மட்டும் பனி கோடுகோடாகப் படிந்திருக்கும், எந்தக் கோட்டில் ஸ்பிரிங் காலத்தில் இறங்கலாம் என்று என் தம்பி விரல் நீட்டிச் சொல்லிக்கொண்டே வருவான். நான் கேட்டுக்கொள்வதோடு சரி.

திறப்பு விழா நாட்களில் அங்கே வேறு கூட்டம். பீச் என்று பெயர் வைத்திருக்கும் வாகன நிறுத்தத்தின் முன்வரிசையில் நாற்காலி போட்டு, கரி அடுப்பு பற்றவைத்து, வாழைப்பழ வேஷமும் டைனோசர் வேஷமும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் ஸ்கீ ஓட்ட வந்தவர்கள் அல்லர், சீசன் பிறந்ததைக் கொண்டாட வந்தவர்கள். கூட்டமும் பாட்டும் பிடிக்கும் என்றால், அல்லது பல மலைகளுக்குச் செல்லும் சீசன் டிக்கெட்டான ஐகான் பாஸ் ஏற்கெனவே கையில் இருந்தால், ஏ-பேசினுக்குப் போங்கள். 2019இல் அதன் போட்டியான எபிக் பாஸை விட்டு வெளியேறி ஐகான் பக்கம் வந்த இந்த மலையை, 2024இல் அந்தப் பாஸை நடத்தும் ஆல்டெரா நிறுவனமே வாங்கிவிட்டது. காலை இரண்டு மணி நேரம் உருப்படியாக உடம்பைப் பழக்கிவிட்டு வீடு திரும்ப வேண்டும் என்றால் லவ்லேண்ட். என் ஓட்டு லவ்லேண்டுக்கு. இலையுதிர் காலத்தில் அவர்கள் விற்கும் நான்கு டிக்கெட் அடங்கிய தொகுப்பை வாங்கி வைத்துக்கொண்டால், மீந்ததை வேறு யாருக்காவது கொடுத்துவிடவும் செய்யலாம்.

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக இரண்டு வழி. சுரங்கம் வழியாகப் போய் டில்லன் பக்கம் சுற்றி வருவது ஒன்று. யு.எஸ். 6 சாலையில் 11,990 அடி உயரமுள்ள லவ்லேண்ட் கணவாயைக் கடப்பது இன்னொன்று. இரண்டாவதில் பெட்ரோல் லாரிகள் எதிரே வரும். அபாயகரமான சரக்குக்குச் சுரங்கத்தில் அனுமதி இல்லாததால் அவை எல்லாம் கணவாய் ஏறித்தான் போக வேண்டும். செப்டம்பர் 1 முதல் மே 31 வரை ஐ-70இன் மலைப்பகுதியில் பனிக்கேற்ற டயரோ சங்கிலியோ வண்டியில் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். டென்வரில் வெயில் அடிக்கிறதே என்று பார்க்காதீர்கள், மேலே வானிலை வேறு.

மற்ற இடங்கள் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கீஸ்டோன் பனி தயாரிப்பில் பெரும் பணம் போட்டிருக்கிறது. பாதை நீளம், எபிக் பாஸ்காரர்களுக்கு அதுதான் முதல் புகலிடம். காப்பர் மவுண்டனில் அமெரிக்க ஸ்கீ அணி நவம்பரில் வேகப் பந்தயப் பயிற்சி எடுக்கும். ஓட்டாமல் வேலியோரம் நின்று பார்த்தாலே போதும், அந்த ஸ்கீக்கள் கடந்து போகும் சத்தம் வயிற்றைக் கலக்கும். இயற்கைப் பனிதான் வேண்டும் என்கிறவர்கள் தெற்கே வுல்ஃப் கிரீக் வரை ஓட்ட வேண்டும். அங்கே தெற்கிலிருந்து ஒரு நல்ல புயல் வந்தால் அக்டோபரிலேயே திறந்துவிடுவார்கள். டென்வரிலிருந்து நான்கைந்து மணி நேரம். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

வாடகைக் கருவி பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தப் பருவத்தின் கெட்ட அனுபவம் எனக்கு மலையில் வரவில்லை, கடையில் வந்தது. நெடுஞ்சாலையோரத்தில் ஒரு கடை, பெயர் வேண்டாம். பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங் என் பழைய ஸ்கீயில் உடைந்திருந்ததால் ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுக்கப் போனேன். பையன் எடை கேட்டான், உயரம் கேட்டான், பூட்ஸ் அளவைப் பார்த்தான். வயதைக் கேட்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூன்றாம் வகை என்று எழுதினான். மூன்றாம் வகை என்றால் வேகமாக, ஆக்ரோஷமாக ஓட்டுகிறவர். அந்த எண்ணை வைத்துத்தான் விழும்போது பூட்ஸ் எவ்வளவு விசையில் பைண்டிங்கை விட்டு விடுபட வேண்டும் என்பதை முடிவு செய்வார்கள். மதிப்பு அதிகமானால் விழுந்தாலும் ஸ்கீ கழலாது. கழலாத ஸ்கீ முழங்காலைத் திருகிவிடும். உள்ளே இருக்கும் தசைநார் அறுந்தவர்களுக்கு இரவெல்லாம் ஐஸ் பொதி மாற்றிக்கொண்டிருப்பவள் நான்.

“தம்பி, எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது, அட்டவணையைப் பாருங்கள்” என்று ஆங்கிலத்தில் பொறுமையாகவே சொன்னேன். ஐம்பதைத் தொட்டவர்களுக்கு அட்டவணையில் ஒரு வரிசை மேலே, அதாவது சீக்கிரம் விடுபடும்படி, வைக்க வேண்டும். அது எல்லாக் கடைகளும் பின்பற்ற வேண்டிய அட்டவணை. அவன் மறுபடி பார்த்து, முதலாம் வகையாகவும் ஐம்பதுக்கு மேலாகவும் திருத்தினான்; திருகாணியை இறக்கினான். ஸ்கீயின் விளிம்பைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து இழுத்துப் பார்த்தேன். கூரான விளிம்பு நகத்தை மெல்லச் சீவும். இது வழுக்கிக்கொண்டு போனது. ஜனவரிப் பொடிப் பனியில் மழுங்கிய விளிம்பு பெரிய குற்றமில்லை. நவம்பரின் சுரண்டிய பனிக்கட்டியில் அது பிரேக் இல்லாத வண்டி. வேறு ஜோடி கேட்டு வாங்கினேன். நீங்களும் கூச்சப்படாமல் இரண்டையும் சோதியுங்கள்: படிவத்தில் வயது எழுதப்பட்டிருக்கிறதா, விளிம்பு நகத்தைச் சீவுகிறதா. நல்ல புது ஸ்கீ சொந்தமாக வைத்திருப்பவர்கள் இந்த மாதங்களில் அதை வீட்டில் வைத்துவிட்டுப் பழையதை எடுத்து வருவார்கள். ஒரு கல் அடியில் பள்ளம் பறித்தால் பழுதுபார்க்கும் செலவு டிக்கெட்டைவிட அதிகம்.

இனி தம்பியின் பக்கம். அவன் வாதம் எளிமையானது. “அக்கா, ரிசார்ட்டில் ஒரே ஒரு பாதைக்காக வரிசையில் நிற்கிறோம். வெளியே மலை முழுக்கச் சும்மா கிடக்கிறது. பனியே குறைவாக இருக்கும்போது பனிச்சரிவு எங்கிருந்து வரும்?”

இந்தக் கேள்வியைப் பலரும் கேட்கிறார்கள், பலர் கேட்காமலே போகிறார்கள். நவம்பர் நடுவில் ஒரு புதன்கிழமை அவனுடன் லவ்லேண்ட் கணவாயின் உச்சிக்குப் போனேன். தெற்கு நோக்கிய சரிவுகள் எல்லாம் மொட்டை. வடக்கு, கிழக்கு முகங்களில், மரங்கள் வளர்வது நின்றுபோகும் எல்லைக்கு மேலே, காற்று கொண்டுவந்து கொட்டிய இடங்களில் மட்டும் பனி முழங்கால் அளவுக்கு இருந்தது. ஸ்கீ ஓட்ட முடிந்தால் அங்கேதான் முடியும். சமதரையை ஒட்டிய ஓரத்தில் மண்வெட்டியால் தரை தெரியும் வரை வெட்டினேன். மேலே ஒரு கைப்பிடி தடிமனுக்குக் காற்று இறுக்கிய பலகை, தட்டினால் டக் என்றது. அதற்குக் கீழே தரை வரை எதுவும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. கையுறையில் அள்ளினேன்: வறுத்த ரவை போல விரலிடுக்கில் உதிர்ந்தது. அழுத்தினேன், உருண்டையாகவில்லை. பக்கவாட்டில் ஊதினால் குழியின் சுவரிலிருந்து தானாகவே கொட்டியது. மேல்பலகை மட்டும் அந்தரத்தில் நின்றது.

அந்த ரவைதான் அக்டோபரில் விழுந்த பனி. அது அப்படி ஆனதற்குக் காரணம் பனி குறைவாக இருந்ததுதான். தரை ஏறக்குறைய சுழியம் டிகிரியிலேயே இருக்கும். தெளிந்த இரவில் பனியின் மேற்பரப்பு மைனஸ் 16 வரை இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பனி இரண்டு மீட்டர் கனமாக இருந்தால் அந்த வித்தியாசம் இரண்டு மீட்டரில் பரவிவிடும். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு டிகிரிகூட வராது. பனி நாற்பது சென்டிமீட்டர்தான் என்றால் பத்து சென்டிமீட்டருக்கு நான்கு டிகிரி. ஒரு டிகிரியைத் தாண்டினாலே அடியிலிருந்து நீராவி மேலேறி, பனித் துகள்களின் பிணைப்பு போய், முனை முனையான படிகங்களாக மாறத் தொடங்கிவிடும். பிறகு பெரும்புயல் வந்து ஒரு கனமான அடுக்கைப் போட்டால், அது நிற்பது இந்த உதிரியின்மேல். வசந்தம் வரைக்கும்கூட அந்த அடி அடுக்கு பலவீனமாகவே இருக்கக்கூடும். அமெரிக்க மாநிலங்களிலேயே பனிச்சரிவில் அதிகம் பேர் இறந்தது கொலராடோவில்தான். மெல்லிய, குளிர்ந்த இந்தப் பனித்தளம் அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

தம்பியின் கேள்விக்குப் பதில் இதுதான்: நவம்பரில் ஸ்கீ ஓட்டப் போதுமான பனி எங்கே இருக்கிறதோ, ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. மொட்டை மலை பாதுகாப்பானது. ஆனால் அதில் ஓட்ட முடியாது. ஓட்டக்கூடிய அந்த ஒரு துண்டுதான் சரியக்கூடிய துண்டும். சின்னப் பனிச்சரிவுதானே என்றும் சொல்ல வேண்டாம். பிப்ரவரியில் இழுத்துக்கொண்டு போனால் பனிமேல் இழுத்துக்கொண்டு போகும், நவம்பரில் பாறைகள்மேல். 2017இல் மொன்டானாவில் அக்டோபர் 7 அன்றே ஓர் இளம்பெண் பனிச்சரிவில் சிக்கி இறந்தார். மற்றவர்கள் வீட்டில் கோடைத் துணிகளை இன்னும் மடித்து வைத்திராத நேரம்.

குழியை மூடிவிட்டுச் சமதரையில் நடந்துகொண்டிருந்தோம். அவன் காலடியில் ‘உம்ம்’ என்று ஆழமாக ஒரு சத்தம். பனி ஒரு விரல்கடை இறங்கியது. ஒரு விரிசல் அவன் ஸ்கீ முனையிலிருந்து பத்தடி ஓடி நின்றது. நாங்கள் நின்றது சமதரை, ஆகவே எதுவும் சரியவில்லை. அதே பனி முப்பது முதல் நாற்பத்தைந்து டிகிரிச் சாய்வில் இருந்திருந்தால் கதை வேறு.

“அக்கா, சத்தம் கேட்டதா?”

“கேட்டது. திரும்பு.”

அதற்குப் பிறகு அவன் வாதாடவில்லை.

இந்தப் பருவத்தில் நான் பயன்படுத்தும் சேவைகளிலேயே சிறந்தது காசு வாங்காத ஒன்று: கொலராடோ பனிச்சரிவுத் தகவல் மையத்தின் தினசரி முன்னறிவிப்பு. மாநில அரசின் அமைப்பு. மாலை நாலரை மணிக்கு அடுத்த நாளுக்கான அறிவிப்பு வந்துவிடும். எந்தத் திசை முகம், எவ்வளவு உயரம், எந்த வகைப் பனிச்சரிவு என்று படம் போட்டுச் சொல்வார்கள். பொதுமக்கள் அனுப்பும் களக் குறிப்புகளும் படங்களும் கூடவே இருக்கும். எனக்கு அவைதான் முன்னறிவிப்பைவிடச் சுவை. முந்தின நாள் யாரோ அதே கணவாயில் வெட்டிய குழியின் படம் கிடைத்துவிட்டால் வேறென்ன வேண்டும்? ஒரு குறை சொல்லலாம், ஆனால் அது படிக்கிறவர்களின் குறை. ஐந்து படிகளில் இரண்டாவது படியான ‘மிதம்’ என்று போட்டிருந்தால் பலரும் பச்சைக்கொடி என்று எடுத்துக்கொள்கிறார்கள். மிதம் என்றாலும் மனிதக் கால் பட்டுச் சரிய வாய்ப்புண்டு என்பதுதான் அதன் விளக்கம். சீசன் தொடக்கத்தில் எண்ணைப் பார்ப்பதைவிட அதற்குக் கீழே எழுதியிருக்கும் பத்தியைப் படிப்பது முக்கியம்.

கருவிகளில் ஒன்று. எனக்குக் குளிரில் விரல் வெளுத்துப்போகும். ஆகவே பேட்டரியில் சூடாகும் கையுறை வாங்கினேன். ரிசார்ட்டில் அது வரப்பிரசாதம். வெளிமலையில் போடக்கூடாது. பனியில் புதைந்தவரைத் தேட உதவும் டிரான்ஸ்சீவர் 457 கிலோஹெர்ட்ஸில் இயங்குகிறது. சூடாகும் கையுறை, கைபேசி, மின்கடிகாரம் எல்லாம் அதன் காதைக் கெடுக்கும். தேடும்போது அவற்றை அரை மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும் என்கிறார்கள். கையுறையை அரை மீட்டர் தள்ளி வைத்துவிட்டு எப்படித் தேடுவது? வெளியே போகும்போது பழைய கம்பளி மிட்டன்தான்.

ஐடஹோ ஸ்பிரிங்ஸ் பக்கம் செயின்ட் மேரிஸ் கிளேசியர் இருக்கிறது. பெயரில்தான் பனியாறு, உண்மையில் வருடம் முழுக்கக் கரையாத ஒரு பனித்திட்டு. கட்டணம் செலுத்தி வண்டியை நிறுத்திவிட்டு ஒரு மைலுக்கும் குறைவாக நடந்தால் போதும் என்பதால், மாதம் தவறாமல் ஸ்கீ ஓட்டுவேன் என்று விரதம் இருப்பவர்கள் செப்டம்பர், அக்டோபரில் அங்கே கூடுவார்கள். கல் பதிந்த பழைய பனிக்கட்டி, முடிவில் பாறைக் குவியல். விரதக்காரர்களுக்கு விட்டுவிடலாம். பெர்த்தட் கணவாய் வேறு வகை ஏமாற்று. 11,307 அடி உயரம், ஒரு காலத்தில் ரிசார்ட்டாக இருந்த இடம், 2001இல் மூடிவிட்டார்கள். பழைய பாதைகள் மரங்களுக்கிடையே இன்னும் தெரிவதால் யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்ற நினைப்பு வந்துவிடும். லிஃப்ட் இல்லை, ரோந்து இல்லை, காலையில் வெடிவைத்துப் பனியை இறக்கிவிடுகிறவர்களும் இல்லை. ரிசார்ட் டிக்கெட்டின் விலையில் ஒரு பங்கு அந்த வெடிக்கும் அந்த ஆட்களுக்கும்தான் போகிறது என்பது அங்கே நின்றால் புரியும்.

தம்பிக்கு ஏறியே ஆக வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. லவ்லேண்டிலும் ஏ-பேசினிலும் தனி அனுமதி பெற்றுக்கொண்டு, அவர்கள் திறந்துவிட்ட பாதையில் ஸ்கின் ஒட்டி நடந்து ஏறலாம். சீசன் தொடக்கத்தில் பனித் துப்பாக்கி ஓடும் இடங்களில் இதை அடிக்கடி மூடிவிடுவார்கள். குழாய்கள் குறுக்கே கிடக்கும். இரவில் சமன்படுத்தும் வண்டியைச் செங்குத்தில் இழுத்துப் பிடிக்கும் விஞ்ச் கம்பி எங்கோ இருட்டில் விறைத்து நிற்கும். அது ஒரு பக்கமாகத் துள்ளினால் ஆள் இரண்டு துண்டு. ஆகவே கிளம்புமுன் அன்றைய நிலவரத்தைப் பார்த்துவிட்டே போக வேண்டும். அவன் அனுமதி வாங்கிவிட்டான், டிசம்பரில் நடக்கும் மூன்று நாள் பனிச்சரிவுப் பயிற்சிக்கும் பெயர் கொடுத்துவிட்டான். பயிற்சிக்குக் கூட்டாளி ஒருவர் வேண்டுமாம். என் டியூட்டி பட்டியல் இன்னும் வரவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.